அவிழ்த்துக் கட்டினால் அதே மரமா?

நெய்யாறு கடலில் விழும் பூவார்ப் பொழியிலிருந்து பொழியூர், நீரோடி என்று தெற்கே நீளும் கரையில் படகு கட்டத் தனிப் பட்டறை தேவைப்பட்டதில்லை. மணல்தான் பட்டறை. எடை குறைந்த, நன்றாக மிதக்கும் மரத்தடிகளை வாய்ச்சியால் செதுக்குவார்கள். நடுமரம் சற்றுத் தாழ்ந்திருக்கும், இருபுற மரங்கள் கொஞ்சம் உயர்ந்து அதை அணைத்து நிற்கும். கயிறு நழுவாமலிருக்க ஓரங்களில் வெட்டு உண்டு. முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்கினால் கட்டுமரம் தயார். ஆணி கிடையாது. மேலே ஏறும் அலை மரங்களின் இடுக்கு வழியே இறங்கிவிடுவதால் மூழ்கடிக்கவும் முடியாது. அலை மூர்க்கமாக உடையும் இந்தக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான கலம் இருந்ததில்லை.

கடலிலிருந்து திரும்பியதும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். ஈரம் குடித்த மரம் கனக்கும், உலராவிட்டால் மறுநாள் மிதப்பு குறையும். எனவே ஒவ்வொரு மரமாகத் தோளில் ஏற்றி, மேட்டு மணலில் தனித்தனியே காயப் போடுவார்கள். விடியுமுன் மீண்டும் கட்டு. 

காலையில் கடலுக்குப் போனது ஒரு கலம். மத்தியானம் கரையில் கிடப்பவை நாலு தடிகள். மறுநாள் போவது அதே கலமா, வேறா?

தத்துவ வகுப்புகளில் இந்தக் கேள்வி கிரேக்கப் புராண வீரன் தீசியஸின் கப்பலாக வரும். ஏதென்ஸ்காரர்கள் அந்த வீரனின் கப்பலைக் காத்து, உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்தார்கள் என்கிறார் புளூட்டார்க். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று 1655இல் கேட்டார் தாமஸ் ஹாப்ஸ். கட்டுமரம் இதைவிடக் கூர்மையான சிக்கல். இங்கே ஒரு துண்டும் மாறுவதில்லை. ஆனால் கலம் நாள்தோறும் இல்லாமல்போய், நாள்தோறும் பிறக்கிறது.

இந்தக் கேள்விக்கு விடை தேட ஏதென்ஸ் வரை போகவேண்டியதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் விழிஞ்ஞத்தைத் துறைமுகமாகக் கொண்டு இந்த நிலத்தை ஆண்டவர்கள் ஆய் மன்னர்கள். கருநந்தடக்கன் 866இல் முஞ்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில் ஒரு கோயிலும், 95 மாணவர்கள் தங்கி வேதம் படிக்க ஒரு சாலையும் அமைத்தான். அவனுக்குப் பின் வந்த விக்ரமாதித்த வரகுணனின் ஆட்சியாண்டைச் சொல்லும் கல்வெட்டு சிதறால் சமணக் குன்றில் இருக்கிறது. அதே வரகுணன் ஸ்ரீமூலவாசப் பௌத்த விகாரத்துக்கு நிலம் கொடுத்ததைப் பாலியம் செப்பேடு சொல்கிறது. இந்தக் கரையிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில்தான் பார்த்திவசேகரபுரமும் சிதறாலும் இருக்கின்றன. முழுமை என்று ஒன்று உண்டா என்ற கேள்வியில் வைதிகரும் சமணரும் பௌத்தரும் நூற்றாண்டுக்கணக்கில் மோதினார்கள். அந்த மூவரும் ஓர் அரசகுலத்தின் ஆட்சியில் வாழ்ந்தார்கள்.

பௌத்தரின் விடை மிலிந்த அரசனின் தேர்க்கதையில் இருக்கிறது. சக்கரமா தேர், அச்சா தேர், நுகமா தேர் என்று துறவி நாகசேனர் அரசனிடம் அடுக்கிக் கேட்பார். எதுவும் இல்லை. உறுப்புகள் கூடினால் வழங்கும் பெயர்தான் தேர். அப்படியே மனிதனும்.

வைதிகத் தரப்பின் நியாயவாதிகள் இதை ஏற்கவில்லை. உறுப்புகளுக்கு அப்பால் முழுமை என்றொரு பொருள் உண்மையிலேயே உண்டாகிறது என்றார்கள். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுப்பொருளும் கூடவே வருகிறதே என்பது நியாய சூத்திரம் காட்டும் சான்றுகளில் ஒன்று. கட்டுமரத்தின் பின்முனையைப் பிடித்துக் கரையேற்றியவர் எவரும் தலையாட்டுவார். ஆனால் சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனரே இதைக் கேள்விக்குள்ளாக்குகிறார். புல், கல், கட்டை மூன்றையும் அரக்கால் ஒட்டி இழுத்தாலும் சேர்ந்துதான் வரும், அதற்காக அங்கே புதுப்பொருள் பிறந்துவிட்டதா? தன் கட்சியின் வாதத்தையே இவ்வளவு நேர்மையாகச் சோதித்த உரைகாரர்கள் குறைவு. 1980களிலிருந்து முட்டம் போன்ற ஊர்களில் ஒட்டுப்பலகையைச் செம்புக் கம்பியால் தைத்துப் பிசின் பூசிக் கட்டிய படகுகளைப் பார்த்திருந்தால், அவருக்கு அரக்கு உதாரணமே தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். பிற்கால நியாய மரபுப்படி துணியிலிருந்து ஒரு நூலை உருவினாலே பழைய துணி அழிந்து புதுத் துணி பிறக்கிறது. அப்படியானால் கட்டுமரமும் தினம் புதுசு. பௌத்தருக்கோ அது நேற்றும் வெறும் பெயர், இன்றும் வெறும் பெயர். எதிரெதிர் வாயில்களில் நுழைந்த இருவரும், நேற்றைய கலம் இன்று இல்லை என்ற ஒரே அறைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். பொருளாக அதுவே, நிலையாக வேறு என்பார் சமணர். அது நியாயமான பதில்தான். ஆனால் கரையில் அவிழ்ந்து கிடக்கும் நேரத்தில் கலம் எங்கே இருக்கிறது என்பதை அதுவும் சொல்லவில்லை.

மூன்று தரப்பும் பார்க்கத் தவறியது அந்த மரத்தின் ஓரத்து வெட்டு. இடப்பக்க மரத்தின் வளைவு நடுமரத்தின் வளைவுக்காகச் செதுக்கியது. அதை வேறு கட்டுமரத்தில் வைத்தால் பொருந்தாது. தனியே கிடக்கும்போதும் ஒவ்வொரு தடியும் மற்ற தடிகளின் அளவைத் தன் உடம்பில் வைத்திருக்கிறது. அதனால் மணலில் கிடப்பது விறகுக் குவியல் ஆகாது. கயிறு அவிழ்ந்த பிறகும் முழுமை அந்தப் பொருத்தத்தில் மிஞ்சியிருக்கிறது.

இந்தக் கரையின் மக்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. 1544இல் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகப் பிரான்சிஸ் சவேரியார் எழுதினார். அன்றிலிருந்து இங்குள்ள கத்தோலிக்க மீனவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் சரீர உத்தானத்தை விசுவாசிப்பதாக அறிக்கையிடுகிறார்கள். சிதறிப்போன உடல் அதே உடலாக எழும் என்பது அந்த விசுவாசம். அகுஸ்தினார் இதை விளக்க உருக்கிய சிலையைக் காட்டினார். அதே உலோகத்தால் சிற்பி மீண்டும் வார்த்தால் அதே சிலைதான், மூக்கிலிருந்த உலோகம் மூக்குக்கே திரும்பவேண்டியதில்லை. கட்டுமரம் செதுக்குபவர் இதை ஒப்புவாரா என்பது சந்தேகம். அவருக்கு இடது மரம் இடப்பக்கம்தான் போகவேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் வேறு வழி கண்டார். உடலை இன்னாரின் உடலாக்குவது ஆன்மா. அதுவே உருவம், அது அழியாததால் அதே மனிதனே எழுவான். செதுக்கிய வெட்டுக்கு மிக அருகே வரும் விடை இது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது இந்தக் கேள்வி வீடுகளுக்குள் வந்தது. பூந்துறை முதல் தூத்தூர் வரை, மாநில எல்லையின் இருபுறமும் ஆட்கள் திரும்பவில்லை. 1956இல் அந்த எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கடல் அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. கரைசேர்ந்த பல உடல்களை டிஎன்ஏ சோதனையால்தான் இன்னார் என்று சொல்ல முடிந்தது. ஒரு துணுக்குக்குள் முழு மனிதனின் அடையாளமும் இருந்தது. வேறு பலர் கிடைக்கவே இல்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் பொதுவாக ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்லும். அப்படிக் காக்கவைக்காமல் நிவாரணம் தர அரசுகள் முடிவெடுக்கவேண்டியிருந்தது.

உடலே இல்லாத குடும்பத்துக்கு நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு குழி இருக்காது. அந்த வீட்டில் போய் மனிதன் என்பது உறுப்புகளின் பெயர் மட்டுமே என்று சொல்ல நாகசேனரே துணியமாட்டார். பற்றை அறுக்க அவர் சொன்ன பாடம் அது, துயரத்தில் இருப்பவருக்கு ஆறுதலாகச் சொன்னதல்ல. ஆனால் அங்கே காணாமல் போனவருக்காகச் செதுக்கப்பட்டவர்கள் மிஞ்சியிருக்கிறார்கள். அவர் பாதி நெய்த வலையை முடிக்கும் அண்ணன் இருக்கிறார். அவருடைய கடனையும் பிள்ளைகளையும் சுமக்கும் மனைவி இருக்கிறார். இவர்கள் ஒவ்வொருவரிடமும் அவருடைய அளவு இருக்கிறது. இன்னொருவரை அந்த இடத்தில் வைத்தால் பொருந்தாது என்பதை அவர்கள் ஒவ்வொரு நாளும் அறிகிறார்கள். இழந்தவர் ஒரு பெயர் மட்டும் அல்ல என்பதற்கு நியாய சூத்திரத்தின் இழுவையைவிட வலுவான சான்று இதுதான்.