தையல் மடிப்பில் தங்கும் ஈரம்

கங்கோத்ரிக்குச் செல்லும் வழியில், பாகீரதி நதியின் கரையில் அமைந்த ஊர் உத்தரகாசி. அக்ஷய திருதியையை ஒட்டிக் கங்கோத்ரி ஆலயம் திறக்கப்படும். தீபாவளிக்கு மறுநாள் மூடப்படும். அதுவரை யாத்திரிகர்கள் இவ்வூரில் இரவு தங்கி, மறுநாள் மேலே செல்வது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் புரட்டாசி மாதத்தில் அங்கே ஒரு சிறிய விடுதியில் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். மொத்தம் ஆறு அறைகள். வயது முதிர்ந்த ஓர் அம்மையார் குடும்பத்தாருடன் அதனை நடத்தி வந்தார்.

மலைகளுக்கு நடுவே உள்ள ஊராதலால் வெயில் தாமதமாகவே வரும். பிற்பகலில் மலையின் நிழல் விரைவில் மாடியை மூடிவிடும். இடைப்பட்ட சில மணி நேரத்திற்குள் பன்னிரண்டு படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் உலர்ந்தாக வேண்டும். அம்மையார் ஒவ்வொரு விரிப்பையும் நன்கு உதறி, அருகருகே கட்டிய இரண்டு கொடிகளின்மீது அகல விரிப்பார். நடுவே காற்று புகுந்து செல்லும். பாதி காய்ந்ததும் மறுபுறம் திருப்பிப் போடுவார். எடுக்கும்போது விரிப்பின் ஓரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். அதற்குக் காரணம் கேட்டேன்.

"மகராஜ்ஜி, இந்தக் குளிரில் கை ஏமாந்துவிடும். குளிர்ந்த துணியும் ஈரத்துணியும் கைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதிலும் நடுப்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். ஓரத்தில் மடித்துத் தைத்திருக்கிறதே, அங்கேதான் ஈரம் தங்கும்" என்றார்.

அந்தச் சொற்கள் எனக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டின. பிரம்மச்சாரியாக இருந்தபோது ஆசிரம விருந்தினர் இல்லத்தின் பொறுப்பு என்னிடம் இருந்தது. மழைக்காலம், மறுநாள் விழா. விரிப்புகள் முழுவதும் உலரவில்லை. மாலை ஆரதிக்கு நேரமாகிவிட்டது. 'பணி செய்வதே நம் கடமை, பலன் இறைவனுடையது' என்று எண்ணிக்கொண்டு அவற்றை அப்படியே படுக்கைகளில் விரித்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். அன்று பஜனையில் மனம் நன்றாகவே லயித்தது. காலையில் ஓர் அறைக்குச் சென்றபோது, முதிய அன்பர் ஒருவர் தமது சால்வையைத் தரையில் விரித்து அதன்மீது அமர்ந்து இருமிக்கொண்டிருந்தார். விரிப்பு கட்டிலின் கால்மாட்டில் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் குறை எதுவும் சொல்லவில்லை. முந்தைய மாலை ஆரதிப் பாடல் மிக இனிமையாக இருந்ததாகப் பாராட்டினார்.

பலனில் உரிமை இல்லை என்னும் கீதையின் உபதேசத்திற்கு ஆசாரியர்கள் எழுதிய உரைகளை ஒப்பிட்டுத் தேர்வு எழுதியவன் நான். மதிப்பெண்ணும் குறைவாக வரவில்லை. ஆயினும் 'பலன்' என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பது அந்தச் சால்வையைப் பார்க்கும்வரை எனக்கு விளங்கவில்லை. விருந்தினர் நன்றி சொல்ல வேண்டும், என் உழைப்பை உணர வேண்டும் என்பவை நான் எதிர்பார்க்கும் பலன்கள். அவற்றைத் துறப்பதே சாதனை. விரிப்பு உலர்ந்திருப்பதோ என் பலன் அல்ல. அது அவருக்குச் சேர வேண்டியது. அதைத் துறக்க எனக்கு என்ன உரிமை? பதினெட்டாம் அத்தியாயத்தில் சாத்வீகமான கர்த்தாவைப் பற்றிக் கூறும் பகவான், பற்றின்மையோடு நிறுத்தவில்லை. உறுதியையும் உற்சாகத்தையும் சேர்த்தே சொல்கிறார். சோம்பலையும் காலம் கடத்துவதையும் தாமஸ கர்த்தாவின் இலக்கணத்தில் வைக்கிறார். நான் இரண்டாம் வகையில் நின்றுகொண்டு முதல் வகையின் மொழியைப் பேசினேன்.

விருந்தினரைத் தெய்வமாகக் கொள்ளுமாறு தைத்திரீய உபநிஷதம் கூறுவதை நாம் அறிவோம். அதே பகுதி, கொடுப்பதைச் சிரத்தையோடும் நாணத்தோடும் கொடுக்கச் சொல்கிறது. நம்பிக்கையையும் கவனத்தையும் தமிழில் 'சிரத்தை' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். அந்த அம்மையார் உபநிஷதம் படித்தவரா என்று நான் கேட்கவில்லை.

உத்தரகாசியைக் கடந்து ஓடும் பாகீரதி, தேவப்ரயாகையில் அலகநந்தாவோடு கலந்து கங்கையாகி ஹரித்வாரை அடைகிறது. அதன் அருகிலுள்ள கன்கலில் 1901-இல் சுவாமி கல்யாணானந்தர் நோயுற்ற சாதுக்களுக்குச் சேவை செய்யத் தொடங்கினார். பின்னர் சுவாமி நிச்சயானந்தரும் வந்து சேர்ந்தார். நோயாளிகளின் கழிவுகளைத் தம் கைகளாலேயே அவர்கள் அகற்றியதால், வைதிக சாதுக்கள் பலர் அவர்களைத் தோட்டிச் சாதுக்கள் என்று இகழ்ந்து ஒதுக்கினர். அவ்விருவரும் இகழ்ச்சியைப் பொருட்படுத்தவில்லை. நோயாளியின் படுக்கையைத்தான் பொருட்படுத்தினர்.

நான் தங்கிய மூன்றாம் நாள், நண்பகலிலேயே மேகம் சூழ்ந்தது. அம்மையார் குரல் கொடுக்க, நானும் மாடிக்கு ஓடி விரிப்புகளை எடுக்க உதவினேன். பத்து உலர்ந்திருந்தன. இரண்டின் ஓரங்களில் மட்டும் ஈரம். எனக்கு அது தெரியவே இல்லை. அவருடைய கன்னத்திற்குத் தெரிந்தது. அவற்றைச் சமையலறையில் அடுப்பருகே கயிறு கட்டித் தொங்கவிட்டார்.

இரவு ஒரு குடும்பத்தினர் களைத்து வந்து சேர்ந்தனர். "இரண்டு விரிப்புகள் இன்னும் உலரவில்லை, சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார் அம்மையார். "விடுதி என்று பெயர் வைத்துக்கொண்டு இதைக்கூடவா தயாராக வைக்கவில்லை?" என்று ஒருவர் சினந்தார். அம்மையார் மறுமொழி சொல்லாமல் அவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அரை மணி நேரம் கழிந்தது. ஓரங்களை மறுபடியும் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுப்பின் சூடு ஆறாத அந்த விரிப்புகளை எடுத்துக்கொண்டு படியேறினார்.