எதிரொலியும் கேட்பவனும்

சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் பேசும் பேச்சு உண்டா? பரீட்சார்த்த ஒலிபரப்பு அப்படிப்பட்டது. 'கேட்கிறதா' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சிற்றலை வானொலியின் முள்ளை இரவில் நகர்த்திப் பழகியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். இரண்டு நிலையங்களுக்கு நடுவே, கரகரப்பின் அடியில், சீரான ஒரு விசில், மூன்று தட்டல்கள், ஏதோ ஒரு வாத்தியத்தில் நாலு ஸ்வரங்கள், திரும்பத் திரும்ப. எந்த ஊர், யார், எதற்காக என்ற அறிவிப்பு வராது. மறுநாள் அதே இடத்தில் முள்ளை வைத்தால் இரைச்சல் மட்டும்தான். அந்த நாட்களில் கேட்ட செய்திகளும் நாடகங்களும் மங்கிப்போய்விட்டன. இந்தப் பெயரற்ற ஒலிகள் மட்டும் துலக்கமாக நிற்கின்றன. ஏக்கத்தால் மட்டும் இப்படி என்று நான் நினைக்கவில்லை. அவை ஒரு கேள்வியை விட்டுச்சென்றிருக்கின்றன: தனக்குப் புரியாத ஒன்றைக் கேட்டுவிட்டவன் அதற்கு என்ன கடமைப்பட்டிருக்கிறான்?

இந்தக் கேள்வியை யோசிக்க நல்லதொரு நிகழ்ச்சி இருக்கிறது. 1927இல் ஆஸ்லோவுக்கு அருகே பிக்டோய் என்ற இடத்தில் இருந்த யோர்கன் ஹால்ஸ் என்ற பொறியாளர், ஹாலந்தில் ஐந்தோவன் நகரிலிருந்து பிலிப்ஸ் கம்பெனி நடத்திய பி.சி.ஜே.ஜே. நிலையத்தின் சமிக்ஞையைக் கேட்டுக்கொண்டிருந்தார். சமிக்ஞை வந்தது. சுமார் 3 விநாடி கழித்து அதுவே மெலிந்து இன்னொரு முறை வந்தது. ரேடியோ அலை விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போவது. பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வர அதற்கு ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு போதும். சந்திரனுக்குப் போய்த் திரும்பக்கூட இரண்டரை விநாடிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அப்படியானால் இது எங்கே போய்விட்டு வந்தது?

வடதுருவ ஒளியை ஆராய்ந்துவந்த கார்ல் ஸ்டோர்மருக்கு ஹால்ஸ் 1928இல் கடிதம் எழுதினார். அதில் அவர் சொன்னது இவ்வளவே: எங்கிருந்து வருகிறது என்று என்னால் இப்போதைக்குச் சொல்ல முடியாது, நான் கேட்டது உண்மை என்பதை மட்டும் உறுதி சொல்கிறேன். இதைத் தொடர்ந்து பிலிப்ஸில் இருந்த வான் டெர் போல் தனிப்பட்ட பரீட்சார்த்த ஒலிபரப்புகளை ஏற்பாடு செய்தார். 1928 அக்டோபர் 11ஆம் தேதி 3 முதல் 15 விநாடி வரை தாமதித்த எதிரொலிகள் நார்வேயிலும் கேட்டன, ஐந்தோவனிலும் கேட்டன. வான் டெர் போல் குறித்துக்கொண்டவற்றில் பாதி 8 விநாடி. அன்று தான் போதிய ஆயத்தத்தோடு இல்லை என்பதையும், தன் நேரக் கணக்குகளைத் துல்லியமானவையாகக் கொள்ள வேண்டாம் என்பதையும் ஸ்டோர்மர் எழுதிவைத்தார். அதற்குப் பிறகு பல விளக்கங்கள் வந்திருக்கின்றன. எல்லாரும் ஒப்புக்கொண்டது என்று ஒன்றில்லை.

1960இல் பிரேஸ்வெல் என்ற வானொலி வானியலார், வேற்று நாகரிகம் ஒன்று அனுப்பிய ஆய்வுக்கலம் நம் சமிக்ஞையையே நமக்குத் திருப்பி அனுப்பித் தன் இருப்பைத் தெரிவிக்கலாம் என்று ஒரு யோசனையைச் சொன்னார். அது யோசனையாகவே சொல்லப்பட்டது. 1973இல் டங்கன் லூனன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதற்கு மேலே போனார். வான் டெர் போலின் தாமதங்களை வரிசை எண்ணோடு சேர்த்து வரைபடமாக்கினார். சுவாதி நட்சத்திரம் இருக்கும் பூட்டீஸ் கூட்டம் 13,000 ஆண்டுகளுக்கு முன் காட்சி தந்தபடி அதில் தெரிவதாகவும், அதே கூட்டத்தின் எப்ஸிலான் நட்சத்திரத்தைத் தங்கள் ஊராக அனுப்பியவர்கள் சுட்டுவதாகவும் படித்தார். துல்லியமானவை அல்ல என்ற எச்சரிக்கையோடு பிறந்த எண்களின் மேல் ஒரு பிரபஞ்சமே எழும்பிவிட்டது. சில ஆண்டுகளில் அவரே அந்த வாசிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

லூனனைப் பரிகசிப்பது சுலபம். ஆனால் அவர் செய்ததை நாம் தினமும் செய்கிறோம். பிடிபடாத ஒரு கவிதையின் முன் உட்கார்ந்து, நம் கைவசம் உள்ள தத்துவத்தை அதன் வரிகளில் புள்ளிவைத்து இணைத்து, இதோ அர்த்தம் என்று எழுந்திருக்கிறோம். புள்ளிகள் கவிதையுடையவை, கோடு நம்முடையது. கோடு போடுவது பிசகல்ல, போடாமல் வாசிப்பே இல்லை. கோட்டையும் புள்ளி என்று சாதிப்பதுதான் பிசகு.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு பிசகு உண்டு. அதைச் சொல்ல வேறு வகை ஒலிபரப்புக்கு வரவேண்டும். சிற்றலையில் இலக்கங்களை மட்டும் வாசிக்கும் நிலையங்கள் இருந்தன. சில இன்றும் இருக்கின்றன. ஐந்தைந்தாக எண்கள், உணர்ச்சியில்லாத ஒரு குரல். பரீட்சார்த்த ஒலிபரப்பு எல்லாருக்கும் கேட்கிறது, எவரையும் அழைக்கவில்லை. இதுவும் எல்லாருக்கும் கேட்கிறது. ஆனால் ஒரே ஒருவரை அழைக்கிறது. ஒரு முறை மட்டும் பயன்படுத்தி அழித்துவிடும் சாவியைக் கொண்டு எழுதப்பட்ட செய்தியை, சாவி இல்லாதவன் எந்நாளும் உடைக்க முடியாது என்று ஷானன் 1949இல் நிரூபித்துக் காட்டினார். காரணம் எளிது. சாவி இல்லாதவன் முன் அந்த எண்கள், அதே நீளமுள்ள எந்தச் செய்தியாகவும் இருக்கலாம். எல்லா அர்த்தமும் சமமாகப் பொருந்தும் இடத்தில் எந்த அர்த்தத்துக்கும் உரிமை கோர முடியாது.

1997இல் இந்தக் குரல்களைத் தொகுத்து 'தி கானெட் ப்ராஜெக்ட்' என்ற பெயரில் ஒலித்தட்டுகளாக வெளியிட்டார்கள். ஆவணம் என்ற அளவில் மதிப்புள்ள காரியம். ஆனால் அதை அறையை இருட்டாக்கிக்கொண்டு கேட்டு, 'என்ன மர்மம், என்ன தனிமை' என்று சிலிர்க்கும் ரசனை ஒன்று வளர்ந்தது. இங்கேதான் எனக்குச் சங்கடம். அமெரிக்க ராணுவ உளவுத் துறையில் அதிகாரியாக இருந்துகொண்டே கியூபாவுக்கு வேலை செய்த அனா மோன்டெஸ், இப்படிச் சிற்றலையில் வந்த எண்களைக் கேட்டுத்தான் உத்தரவுகளைப் பெற்றார். 2001 செப்டம்பரில் கைதானார், 2002இல் 25 ஆண்டுச் சிறைத் தண்டனை, 2023இல் விடுதலை. ரகசியமாகப் பணியாற்றிய நால்வரின் அடையாளத்தை அவர் வெளியிட்டிருந்தார். அவர் செய்தது துரோகமா, மனசாட்சியா என்பது வேறு வாதம். அந்த எண்கள் கவிதை அல்ல, உத்தரவுகள். அவற்றின் மறுமுனையில் மனிதர்கள் இருந்தார்கள் என்பதே இங்கே விஷயம். புரியாமையை அலங்காரமாக அணிந்துகொள்பவன் அந்த மனிதர்களை அழித்துவிட்டு ஒலியை மட்டும் வைத்துக்கொள்கிறான். இருண்மைக்காகவே இருண்மையைக் கொண்டாடுகிற நம் விமர்சனத்துக்கும் இது பொருந்தும்.

அர்த்தத்தை அவசரமாக இட்டு நிரப்புகிறவனும், அர்த்தமின்மையில் சொக்கிப்போகிறவனும் எதிரிகளாகத் தோன்றினாலும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். இருவருமே கேட்பதை நிறுத்திவிட்டார்கள். முதல்வனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மற்றவனுக்குப் பதில் வேண்டாம்.

ஹால்ஸின் கடிதம் இந்த இரண்டு பக்கமும் சாயவில்லை. அவர் கேட்டதைக் கேட்டபடி, மணிக்கணக்கோடு, தெரிந்தவருக்கு எழுதினார். தெரியாததைத் தெரியாதது என்றே விட்டார். ஆனால் அது தனக்குத் தெரியவில்லை என்பதற்காகக் கேட்டதை மறுக்கவும் இல்லை. இதைப் பணிவு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு இது ஒரு பிடிவாதமாகத் தோன்றுகிறது. விளக்கம் கைக்கு வராதபோது, அனுபவத்தை விளக்கத்துக்குத் தக்க வெட்டிக்கொள்ள எல்லாத் திசையிலிருந்தும் வற்புறுத்தல் வரும். அதற்கு இணங்காமல், 'கேட்டேன், இத்தனை விநாடி' என்று நிற்பதற்குத் தைரியம் வேண்டும். அப்படி நின்றவரின் குறிப்பு பிறருக்குப் பயன்படும். ஹால்ஸ் எழுதியதால்தான் வான் டெர் போல் மறுபடி தட்டினார், ஸ்டோர்மர் மறுபடி காதுகொடுத்தார்.