யார் வீட்டு இழுப்பு?

மேற்கு மலையடிவாரத்து ராயகிரியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடி, மருந்து கொடுத்து, ஒருவழியாகத் தூங்க வைத்தாயிற்று. அடுத்து என்ன பேச்சு வரும்? 'எங்க பக்கம் யாருக்கும் கிடையாது. இது உங்க அம்மா வீட்டுச் சொத்து!' மருமகள் தலைகுனிவாள். மயிலாப்பூரிலும் இதே வசனம்தான்.

'பரம்பரைன்னுதானே டாக்டரும் சொல்றார்' என்பீர்கள். பாதி சரி. 17-வது குரோமோசோமில் இருக்கும் சில மரபணு மாற்றங்கள் குழந்தைப் பருவ ஆஸ்துமாவுக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று 2007-ல் கண்டுபிடித்தார்கள். ஆனால், ஒரு நாளும் இழுப்பு வராத ஏகப்பட்ட பேரிடமும் அதே மாற்றங்கள் உண்டு. மார்தட்டுகிற மாமியாரிடமும் இருக்கலாம்!

மீதிப் பாதியைக் கேளுங்கள். அந்த மாற்றங்களோடு பிறந்த குழந்தைகள் சின்ன வயதிலேயே சிகரெட் புகையைச் சுவாசித்தால் ஆபத்து இன்னும் அதிகம் என்றது 2008-ல் வந்த பிரெஞ்சு ஆய்வு. 2016-ல் வெளியான ஐரோப்பிய ஆய்விலோ, அதே மாற்றங்கள் உள்ள குழந்தைகள் கால்நடைத் தொழுவங்களில் புழங்கியபோது இழுப்பு குறைவாக இருந்தது. உடனே மாடு வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். மரபணு வெறும் விதை. மண் நாம் போடுவது. விஷயம் அவ்வளவுதான்.

பீடி சுற்றிப் பிழைக்கிற வீடுகள் நிறைந்தது தென்காசிச் சீமை. அங்கே திண்ணையில் தாத்தா ஊதுகிற பீடியைப் பற்றி யாராவது மூச்சு விடுகிறார்களா? யாரும் கேட்டு வாங்காத மரபணுவுக்குப் பழி. தினமும் காசு கொடுத்து வாங்குகிற புகைக்கு மரியாதை. இது என்ன நியாயம்?

இந்தப் பழிக்குப் பயந்துதான் பெண் பார்க்க வரும்போது இன்ஹேலர் பீரோவுக்குள் போகிறது. கல்யாணத்துக்குப் பிறகும் புடவை மடிப்புக்குள்ளேயே ஒளிந்து கிடக்கிறது. மூச்சு முட்டுகிற நேரத்திலும் அதை எடுக்கக் கூச்சப்படுகிறாள் ஒரு பெண். சமயத்தில் அது உயிருக்கே உலை வைத்துவிடும்.

'மறைச்சது தப்பில்லையா?' தப்புதான். ஆனால், உண்மையைச் சொல்வது ஒரு தரப்பின் கடமை என்றால், சொன்னதற்காகத் தண்டிக்காமல் இருப்பது அடுத்த தரப்பின் கடமை. இரண்டாவதைச் செய்யாதவர்களுக்கு முதலாவதைக் கேட்க உரிமை கிடையாது.

உங்கள் வீட்டிலும் ஒரு இன்ஹேலர் ஒளிந்திருக்கலாம். மூக்குக் கண்ணாடியைப் போல அது மேஜை மேல் இருக்கட்டும். அதற்கு இடம் கொடுக்க வேண்டியது மருமகள் இல்லை, நாம்தான்.