பக்கத்தில் நிற்பவர்

லெம்பா பெர்த்தாமில் பாட்டி வீட்டுக்குப் போனால் ஒரு கடமை உண்டு. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் பயங்கரக் கதை சொல்லும் காட்சியைக் கைப்பேசியில் போட்டுக் காட்ட வேண்டும். நாங்கள் நாகேஷைப் பார்த்துச் சிரிப்போம். பாட்டி பாலையாவை மட்டுமே பார்ப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “அவன் வாயால சொல்றான், அவ்ளோதான். இவரு பயப்படலைன்னா பேய் எங்கேருந்து வரும்?” என்றார்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. இன்னொருவர் கதைக்குத் துணையாக இருந்தே முடிந்துபோகும் வாழ்க்கை, குறைப்பட்ட வாழ்க்கையா?

டி. எஸ். பாலையா 1936இல் ‘சதி லீலாவதி’யில் வில்லனாக அறிமுகமானார். இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். சின்னதாக ஒரு போலீஸ் அதிகாரி வேடம். அந்தப் போலீஸ்காரர் பிறகு எங்கே போனார் என்று நமக்குத் தெரியும். பாலையா பக்கத்திலேயே நின்றார். ‘அம்பிகாபதி’யில் (1937) பாகவதருக்கு எதிரே, ‘மதுரை வீரன்’இல் (1956) எம்.ஜி.ஆருக்கு எதிரே, ‘தில்லானா மோகனாம்பாள்’இல் (1968) சிவாஜிக்குப் பக்கத்தில் தவிலோடு. நாயகர்கள் மாறினார்கள், அவர் இருந்தார்.

‘திருவிளையாடல்’ (1965) ஹேமநாத பாகவதரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆணவம் அத்தனை உயரத்தில் நிற்பதால்தான், விறகுவெட்டியின் பாட்டு அதைச் சாய்க்கும்போது நமக்குச் சிலிர்க்கிறது. தோற்பவன் பெரியவனாக இல்லாவிட்டால் கடவுளின் வெற்றியே சப்பென்று போயிருக்கும்.

ஆகவே துணையும் பெருமைதான் என்று முடித்துவிடலாமா? எனக்கு அங்கேதான் இடிக்கிறது. இதே வசனத்தைத் தோட்டத்து மேடைகளிலும் கேட்டிருக்கிறோம்: ‘நீங்கள்தான் முதுகெலும்பு.’ முதுகெலும்புக்கு யாரும் மாலை போடுவதில்லை. ‘சதி லீலாவதி’யின் நாயகன்கூட இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான், படம் முடிவதற்குள் ஊர் திரும்பிவிடுகிறான். அவனோடு கொழுந்து பறித்தவர்கள் திரும்பினார்களா? கதைக்கு அது தேவைப்படவில்லை.

பாட்டி முப்பது வருஷம் கொழுந்து வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டில் அவரைக் கூப்பிட்டது பெயரால் அல்ல, நம்பரால். அந்த நம்பர் இன்னும் அவருக்கு மனப்பாடம்.

பாலையாவுக்கும் பாட்டிக்கும் உள்ள வேறுபாட்டை எனக்குக் காட்டியது அந்தத் தவில்தான். தவில் நின்றால் நாதஸ்வரத்துக்குத் தெரியும். வாசிக்கிறவர் திரும்பிப் பார்ப்பார். தவில்காரர் தன் முறை வரும்போது தனியாவர்த்தனம் வாசிப்பார், நாதஸ்வரம் அப்போது காத்திருக்கும். பாட்டியின் கை நின்றபோது யாரும் திரும்பவில்லை. மறுநாள் அதே நிரையில் வேறொரு கை. இன்று அந்தக் கை பெரும்பாலும் கடல் தாண்டி வந்தது. அதன் பெயரைக் கேட்டவர்கள் நம்மிலும் குறைவு.

துணைப் பாத்திரம் சிறியதா பெரியதா என்பதல்ல கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்க்கிறாரா என்பதுதான். பக்கத்தில் நிற்பதை ஒருவர் தன் கலையாக ஏற்கலாம், அது அவர் விருப்பம். ஆனால் ‘அதுவே உனக்குப் பெருமை’ என்று சொல்லும் உரிமை முன்னால் நிற்பவருக்கு இல்லை.

போன மாதம் பாட்டியிடம், “அந்தக் காலத்து மேனேஜர் பேரு ஞாபகம் இருக்கா?” என்றேன். உடனே சொன்னார். “அவருக்கு உங்க பேரு தெரியுமா?”

பாட்டி சிரித்தார். “படத்தைப் போடுய்யா” என்றார்.