அந்த ஒரு புள்ளி

ஹைஸ் வான் லென்னெப் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை இரண்டு முறை வென்ற டச்சுக்காரர். 1971இல் ஹெல்முட் மார்கோவோடு மாறி மாறி அவர் ஓட்டிய போர்ஷே 917, ஒரே நாளில் 5,335 கிலோமீட்டர் ஓடியது. 2010 வரை அந்தத் தூரத்தை யாரும் தாண்டவில்லை. காரின் சட்டகம் மெக்னீசியக் குழாய்களால் ஆனது. எடை குறையும், தீப்பிடித்தால் அணைப்பது பெரும்பாடு. 1976இல் ஜாக்கி இக்ஸோடு மறுபடி வென்று அத்தோடு ஓய்வு பெற்றார். ஃபார்முலா ஒன்னில் அவருக்குக் கிடைத்தவை மொத்தம் இரண்டே புள்ளிகள். அவற்றில் முதலாவது என்னைப் பல ஆண்டுகளாகத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது.

1973 ஜூலை 29, ஸான்ட்வோர்ட். வட கடலோரத்து மணல் மேடுகளுக்கு நடுவே உள்ள பந்தயத் தடம். வான் லென்னெப் பிறந்த ஆர்டன்ஹௌட் பக்கத்திலேயே இருக்கிறது. பாதுகாப்பு போதாது என்று முந்தைய ஆண்டு அங்கே போட்டி நடக்கவில்லை. புதுத் தடுப்பு வேலிகள் போட்டு, தடத்தைச் செப்பனிட்டு மறுபடி திறந்திருந்தார்கள். எட்டாவது சுற்றில் ரோஜர் வில்லியம்சனின் கார் வேலியில் மோதி, தலைகீழாகக் கவிழ்ந்து, தரையில் தேய்த்துக்கொண்டே போய்த் தீப்பிடித்தது. அவருக்கு வயது 25. பின்னால் வந்த டேவிட் பர்லி தன் காரை நிறுத்திவிட்டுத் தடத்தைக் கடந்து ஓடினார். தனியாளாகக் காரைப் புரட்டப் பார்த்தார். முடியவில்லை. தீயணைப்புக் குப்பியைப் பிடுங்கி அடித்தார். அங்கிருந்த பணியாளர்களுக்குத் தீ தாங்கும் உடை இல்லாததால் அவர்களால் கிட்டே போக முடியவில்லை. வில்லியம்சன் மூச்சுத் திணறி இறந்தார். பந்தயத்தை யாரும் நிறுத்தவில்லை.

மற்ற கார்கள் சுற்றுக்குச் சுற்று அந்த இடத்தைக் கடந்து போயின. கவிழ்ந்த காரின் பக்கத்தில் பந்தய உடையில் ஒருவர் நிற்பதைப் பார்த்து, ஓட்டியவர் பிழைத்து வெளியே வந்துவிட்டார் என்று மற்ற ஓட்டுநர்கள் எண்ணிக்கொண்டார்கள். ஜாக்கி ஸ்டூவர்ட் ஜெயித்தார்; அது அவருடைய 26ஆவது வெற்றி, ஜிம் கிளார்க்கின் சாதனையை முறியடித்த வெற்றி. ஆறாவதாக வந்த வான் லென்னெப்புக்கு ஒரு புள்ளி. அவருடைய அணித் தலைவர் பிராங்க் வில்லியம்ஸ் சொந்தமாகக் கட்டிய கார்களுக்கு வந்த முதல் புள்ளியும் அதுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே தடத்தில் தன் ஓட்டுநர் பியர்ஸ் கரேஜைத் தீயில் பறிகொடுத்தவர் அந்த வில்லியம்ஸ்.

தெரியாமல் கடந்து போனவனுக்குப் பாவம் உண்டா?

நான் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். பொழுது சாய்ந்தபின் எங்கள் வீட்டில் அடுப்பெரியாது. தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கமாட்டோம். கண்ணுக்குத் தெரியாத உயிருக்கும் நாம் பொறுப்பு என்பது எனக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். எண்ணம்தான் வினை, எண்ணாமல் நேர்ந்தது வினையாகாது என்பார்கள் பௌத்தர்கள். எங்கள் சமணக் காப்பியத்தின் நாயகி நீலகேசி பௌத்தர்களோடு புலால் பற்றி வாதிட்டது இந்த எல்லைக்கோட்டில் நின்றுதான். ஆனாலும் எங்கள் பக்கம் அத்தனை முரட்டுத்தனமானதல்ல. எங்கள் பழைய ஆசான் உமாசுவாமி கொலைப்பாவத்துக்கு இலக்கணம் சொல்லும்போது அசட்டையைத்தான் வேராக வைக்கிறார். தரையைப் பார்த்து அடி வைக்கும் துறவியின் காலடியில் ஓர் எறும்பு நசுங்கினால் அது அவரைப் பற்றாது. பார்க்காமல் நடப்பவனை, எறும்பு தப்பிவிட்டாலும் பற்றும்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ஸான்ட்வோர்டுக்குப் போனால் நான் திகைத்து நிற்கிறேன். பந்தய ஓட்டுநரைவிட விழிப்பான மனிதன் உண்டா? ஒரு கண நேர அசட்டை அவன் உயிரையே வாங்கிவிடும். ஆனால் அந்த விழிப்பு முழுவதும் பிரேக் போட வேண்டிய இடத்திலும், வளைவின் உள் விளிம்பிலும், முன்னால் போகும் காரின் பின்சக்கரத்திலும் குவிந்திருக்கிறது. மற்றதையெல்லாம் தள்ளிவிடத்தான் ஆண்டுக்கணக்கில் பயிற்சி. லெமானில் 24 மணி நேரம் தாக்குப்பிடிக்க வைத்த அதே கவனம்தான் எரியும் ஒரு காரைத் ‘தாண்ட வேண்டிய இடம்’ என்று மட்டும் காட்டுகிறது. ஒன்றில் முழுக் கவனம் என்பது மற்ற எல்லாவற்றிலும் அசட்டையா? என் நூல்களில் இதற்கு நேரான விடை எனக்கு அகப்படவில்லை.

அமைப்பாளர்கள் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. வளைவில் கண்ணிமைக்கும் நேரம் பார்த்துவிட்டுப் போகவேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. பந்தயத்தை நிறுத்தும் அதிகாரம் அவர்கள் கையில் இருந்தது. வேலிக்குச் செலவு செய்தவர்கள் பணியாளர்களுக்கு உடை வாங்கித் தரவில்லை. உமாசுவாமி சொன்ன அசட்டை இதுதான்.

ஓட்டுநர்களிடம் திரும்பினால் மனம் இரண்டுபடுகிறது. 1976 ஆகஸ்ட் 1, நூர்பர்க்ரிங்கில் நிக்கி லவ்டாவின் கார் தீப்பற்றி எரிந்தபோது அர்துரோ மெர்சாரியோ காரை நிறுத்தி, ஓடிப்போய், தீக்குள் கைவிட்டு அவருடைய பெல்ட்டைக் கழற்றினார். வேறு மூன்று ஓட்டுநர்களும் சேர்ந்து இழுத்தார்கள். ஆறு வாரத்தில் லவ்டா மோன்ஸாவில் மறுபடி ஓட்டினார். மெர்சாரியோ போட்டிருந்ததும் அதே மாதிரி ஹெல்மெட்தான், பெற்றதும் அதே பயிற்சிதான். ஆகவே ‘தொழில் அப்படி’ என்று சொல்லி ஸான்ட்வோர்டை மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நூர்பர்க்ரிங்கில் எரியும் காரின் பக்கத்தில் ஓட்டுநர் உடையில் வேறொருவர் நின்று யாரையும் ஏமாற்றவில்லை. ஸான்ட்வோர்டில் காப்பாற்ற ஓடிவந்த பர்லியின் உருவமே மற்றவர்களின் கண்ணுக்கு ‘ஆள் தப்பிவிட்டான்’ என்று சொல்லியிருக்கிறது. அதை நினைக்கும்போது, கடந்து போனவர்களில் ஒருவரையும் பாவி என்று சொல்ல என் நா எழவில்லை.