பிறர் கைபற்றி நடத்தல் இழிவாமோ?

தமக்கு வந்த நோயைத் தாமே தாங்குவதுதான் மானம், பிறர் தோளில் சாய்வது இழிவு என்று கருதுவோர் நம்மவரிடையே பலர் உளர். பிறர் முன் கைகட்டி நிற்கப் பணிக்கப்பெற்ற குடியிற் பிறந்து, தம் உழைப்பால் நிமிர்ந்தவர்க்கு இவ்வெண்ணம் இன்னும் வலிது. ஆதலின் இதனை எள்ளி நகையாடாமல் ஆராய்ந்து பார்த்தல் நம் கடனாகும்.

நாம் நேரிற் கண்ட ஒன்றையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வோம். ஆந்திர மாநிலத்துத் திருப்பதி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி ஸ்ரீ சிட்டி என்னும் தொழில் நகரம் உள்ளது. சத்தியவேடு, வரதய்யபாளையம் பக்கத்துச் சிற்றூர்ப் பெண்கள் பலர் கம்பெனிப் பஸ் ஏறி அங்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுள் ஒருவர் தமிழ் பேசும் கைம்பெண், வயது நாற்பது. மார்பில் கட்டி கண்டு அறுவை முடிந்தது. பின்னர் இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை, எட்டுத் தடவை, கீமோதெரபி மருந்து ஏற்றவேண்டும் என்றனர் மருத்துவர்.

உடன் வேலை செய்யும் பெண்கள் முறை வகுத்துக்கொண்டனர். ஒருவர் திருப்பதிக்குத் துணை செல்வார். ஒருவர் கஞ்சி காய்ச்சுவார். ஒருவர் இரவில் உடனிருந்து வாந்திக்கு வாளி பிடிப்பார். மருந்துச் செலவை அரசின் காப்பீட்டு அட்டை ஏற்கும். வாளி பிடிக்க அட்டைக்குக் கையில்லை அன்றோ!

மூன்றாம் தடவைக்குப் பின், பத்தாம் நாள் இரவு காய்ச்சல் கண்டது. அம்மையார் வாய் திறக்கவில்லை. தோழி இரண்டு இரவாக உறங்கவில்லையே, மீண்டும் எழுப்புவதா என்று எண்ணிப் போர்த்திக்கொண்டு கிடந்தார். விடியுமுன் தோழியே நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பதறி, வண்டி பிடித்து மருத்துவமனை சேர்த்தார். இன்னும் தாமதித்திருப்பின் உயிருக்கே கேடு என்றனர் மருத்துவர்.

நாம் காணச் சென்றபோது அவர் கேட்டவை இரண்டே: “ஐயா, போன பிறவிப் பாவம் என்கிறார்களே, மெய்தானா? இத்தனை பேருக்குப் பாரமாகக் கிடந்து நான் பிழைக்கத்தான் வேண்டுமா?”

முதல் வினாவுக்குப் பகவானே விடை பகர்ந்துள்ளார். மாந்தர் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்வினையே என்பார் கூற்றுப் பற்றி மோலிய சீவகர் என்னும் துறவி வினவியபோது, பித்தத்தாலும் சிலேத்துமத்தாலும் வாயுவாலும் பருவ மாற்றத்தாலும் வேதனை தோன்றும் என்றும், எல்லாம் முன்வினை என்பார் உலகறிந்த உண்மையைக் கடந்து செல்கின்றனர் என்றும் விளக்கினார். இக்கால மருத்துவமும் காரணத்தை உடலிலேயே காண்கிறது. விரைந்து பெருகும் உயிரணுக்களை மருந்து தாக்குகிறது. புற்றணுவைப் போலவே மயிர்க்காலும் குடற்சவ்வும் எலும்பு மச்சையும் விரைந்து பெருகுவன. ஆகவே தலைமயிர் உதிர்கிறது, குமட்டுகிறது, வெள்ளணு குறைகிறது. இது மருந்தின் செயல். பாவத்தின் முத்திரை அன்று.

இரண்டாம் வினாவே கடினமானது. குடல் நோயுற்ற பிக்கு ஒருவர் தம் மலசலத்திலேயே கிடந்தார். பிறரேன் உம்மைப் பேணவில்லை என்று பகவான் வினவ, தம்மால் அவர்கட்கு யாதொரு பயனும் இல்லாமையால் என்றார் அவர். பகவான் நீர் வார்க்க, ஆனந்தர் உடல் கழுவினார். இருவருமாகத் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். பின்பு சங்கத்தைக் கூட்டி, நோயாளியைப் பேணுதல் தம்மைப் பேணுதலுக்கு ஒப்பு என்று பகவான் உணர்த்தினார். பயனுக்குப் பயன் என்னும் வாணிகக் கணக்கு அன்றே ஒழிக்கப்பட்டது.

ஆயின் நோயாளி வெறுங்கையுடன் ஏற்பவர் அல்லர். பேணுவோர்க்கு ஐந்து பண்பு கூறிய பகவான், நோயாளிக்கும் ஐந்து கூறினார். தக்கது செய்தல், அளவறிதல், மருந்துண்ணல், நோயின் நிலையை உள்ளபடி உரைத்தல், வேதனையைப் பொறுத்தல் என்பன அவை. நான்காவதை ஊன்றி நோக்குக. மருந்தேற்றி ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளணு மிகக் குறையும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டின், நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அதனை மறைப்பது பிறர்பால் இரக்கம் போலத் தோன்றும். முடிவில் அவர்கள் உழைப்பையெல்லாம் வீணாக்கும்.

நாம் பஞ்சாலையில் நூற்ற காலத்தில், ஒருவர் இயந்திரத்தில் இழைகள் சேர்ந்தாற்போல் அறுந்தால் பக்கத்தவர் ஓடிவந்து பிணைப்பார். எவரும் கணக்கு எழுதியதில்லை. அறுந்ததைக் கூறாமல் மறைத்தவனே எல்லோர்க்கும் தொல்லையானான்.

அன்றியும், இக்கடன் தோழியரோடு முடிவதுமன்று. அறுவைக்குப் பின் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் மீள்வது குறையும் என்று மிலான் நகரத்துப் பொனடோனா 1976இல் வெளிப்படுத்தினார். அவ்வாராய்ச்சியில் மருந்தேற்ற 207 பெண்களும், ஏற்காது ஒப்புக்கு நின்ற 179 பெண்களும் நம் அம்மையார்க்குக் கொடுத்தவர்களே. தங்கை புற்றுநோயால் மாண்ட துயரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை காணச் செய்தது. 1955இல் அங்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் மறையும்வரை அப்பணியிலேயே நின்றார். 2022இல் திருப்பதியிலும் புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை திறக்கப்பெற்றது. இவர்கட்கெல்லாம் எவர் திருப்பிச் செலுத்த வல்லார்? அடுத்தவர்க்கு அளிப்பதே வழி.

பேணுவோர்க்கும் ஒரு சொல். கூட்டமாகச் சென்று நோயாளியைச் சூழாதீர். கைகழுவாமல் தொடாதீர். பச்சிலை சொல்லி மருந்தை நிறுத்தச் செய்யாதீர். அவர் தனித்திருக்க விரும்பின் விலகி நில்லுங்கள். ஒருவர் மேலேயே சுமை வீழாமல் முறை வையுங்கள்.

அம்மையார் எட்டுத் தடவையும் முடித்தார். நோய் மீளுமோ மீளாதோ, காலமே கூறும். எஞ்சிய ஐந்து தடவையும் காய்ச்சல்மானியைத் தாமே வைத்துப் பார்த்து, அளவைத் தோழியிடம் உள்ளபடி சொல்லி வந்தார். அதனினும் மானமுள்ள செயல் வேறொன்றை நாம் அறியோம்.