பிறந்த இடத்திலேயே தூளைப் பிடிப்பது

கார் ஷெட்டிலோ மொட்டைமாடிக் கொட்டகையிலோ ஒரு மேசையும் வட்ட ரம்பமும் சாண்டரும் வைத்துத் தச்சு வேலை செய்பவர்கள், மாலையில் தரையைப் பெருக்கியதும் பட்டறை சுத்தமாகிவிட்டதாக எண்ணுகிறார்கள். துடைப்பத்தில் சேர்வது கனமான தூள். நுரையீரலுக்குப் போகும் தூள் அப்போதும் காற்றில்தான் நிற்கிறது.

தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். அதைவிடச் சிறியவை மூச்சுக்குழாயைத் தாண்டுகின்றன. மிக நுண்ணியவை காற்றறைகள் வரை இறங்குகின்றன. அசையாத காற்றில்கூட 10 மைக்ரான் துகள் தலை உயரத்திலிருந்து தரைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். 1 மைக்ரான் துகளுக்குப் பல மணி நேரம். வேலை முடிந்ததும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்து டீ குடிப்பவர் அந்தத் தூளைத்தான் சுவாசிக்கிறார்.

மூக்கில் தங்கும் தூளும் தீங்கற்றதல்ல. இங்கிலாந்தில் மரச்சாமான் தொழிலுக்குப் பெயர்போன ஹை விக்கம் நகரத் தொழிலாளரிடம் மூக்கின் உட்புறப் புற்றுநோய் வழக்கத்துக்கு மீறித் தென்படுவதை மருத்துவர் எஸ்தர் ஹாட்ஃபீல்ட் 1960களில் கவனித்தார். டொனால்ட் அச்சிசன் உள்ளிட்டோருடன் அவர் செய்த ஆய்வு 1968இல் வெளியானது. 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என உறுதியான பொருள்களின் பட்டியலில் மரத்தூளைச் சேர்த்தது. ஈட்டி, தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் ஒவ்வாமையையும் தரும். எம்.டி.எஃப். பலகையின் தூள் மாவைப் போல நுண்ணியது; அதில் ஃபார்மால்டிஹைடு பசையும் கலந்திருக்கிறது.

ஆகவே தூள் காற்றில் கலக்கும் முன்பே அதைப் பிடிக்க வேண்டும். முதல் படி, தூளையே குறைப்பது. இழைப்புளி சுருள் சுருளாகச் சீவுகிறது, உப்புத்தாள் பொடியாக்குகிறது. இழைத்து முடிக்கக்கூடிய பரப்பை இழைத்தே முடித்தால் சாண்டருக்கு வேலை குறையும்.

இரண்டாவது, கருவியின் வாயிலேயே உறிஞ்சுவது. வேக்கம் கிளீனருக்கு இழுவிசை அதிகம், அது இழுக்கும் காற்றின் அளவு குறைவு. எனவே சாண்டர், ரௌட்டர் போன்ற கைக்கருவிகளுக்கு அது பொருந்தும். மேசை ரம்பத்துக்கும் இழைப்பு இயந்திரத்துக்கும் 4 அங்குலக் குழாய் கொண்ட டஸ்ட் கலெக்டர் தேவை. கருவிக்கும் வேக்கத்துக்கும் நடுவே சைக்ளோன் வாளி வைத்தால், சுழலும் காற்று கனமான தூளை வாளியிலேயே தள்ளிவிடும். ஃபில்டர் சீக்கிரம் அடைபடாது. ஆனால் நுண்தூளைத் தடுப்பது ஃபில்டர்தான். மலிவான துணிப்பை அதை மீண்டும் அறைக்குள்ளேயே ஊதுகிறது. 0.3 மைக்ரான் துகளிலும் 99.97 சதவீதத்தைத் தடுக்கும் ஹெப்பா ஃபில்டர் போடலாம்; முடியாவிட்டால் இயந்திரத்தை அறைக்கு வெளியே, ஆள் புழங்காத பக்கம் வைக்கலாம்.

மூன்றாவது, காற்றோட்டம். ஒரு பக்க ஜன்னலைத் திறந்து எதிர்ப்பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவிட்டு, காற்று வரும் பக்கம் முதுகு இருக்கும்படி நின்று வேலை செய்ய வேண்டும். சீலிங் ஃபேன் தரையில் படிந்ததையும் கிளப்பிவிடும்.

நான்காவது, முகக்கவசம். கைக்குட்டையும் அறுவைசிகிச்சை மாஸ்க்கும் ஓரங்களில் இடைவெளி விடுகின்றன. என்95 முகத்தோடு இறுகப் பொருந்த வேண்டும். தாடி இருந்தால் பொருந்தாது. கருவியை நிறுத்திய பிறகும், காற்று தெளியும்வரை அதைக் கழற்றக் கூடாது.

கடைசியாக, சுத்தம் செய்வது. உலர்ந்த துடைப்பமும் கம்ப்ரஸர் காற்றும் படிந்த தூளை மறுபடி கிளப்பும். ஈரத்துணியால் துடைப்பதும், நல்ல ஃபில்டர் உள்ள வேக்கத்தால் உறிஞ்சுவதும்தான் சரி. வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க முடியாதவர், முதலில் என்95 வாங்கட்டும். அடுத்து சாண்டரில் மாட்டும் உறிஞ்சியும் நல்ல ஃபில்டரும். கூரையில் தொங்கவிடும் காற்றுச் சுத்திகரிப்பான் கடைசியில் வரட்டும். அது காற்றில் ஏற்கெனவே கலந்துவிட்ட தூளைத்தான் பிடிக்கும். சாண்டர் அருகே குனிந்து நிற்பவரின் மூக்கை அந்தத் தூள் அதற்கு முன்பே எட்டியிருக்கும்.